இளைப்பாறப் பிறந்த ஊரும் நம் முதியவர்களும்

நுவரெலியா, நோயற்றவர்கள் உல்லாசமாய்த் திரிவதற்கென்று தோன்றிய ஊர் அன்று. கண்டி இராச்சியம் 1815-இல் வீழ்ந்து, இந்த மலைகளின் நடுவே குளிர்ந்த சமவெளி ஒன்று இருக்கிறதென்று ஆங்கிலேயர் அறிந்துகொண்ட சில ஆண்டுகளுக்குள், அக்காலத்துத் தேசாதிபதியாகிய சேர் எட்வர்ட் பார்ன்ஸ், கீழ்நாட்டு வெப்பத்தினாலும் காய்ச்சலினாலும் நலிந்த படைவீரர்கள் உடல் தேறும்பொருட்டு ஓர் ஆரோக்கிய வாசஸ்தலத்தை இங்கே நிறுவினார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று கீர்த்தி பெற்ற சாமுவேல் பேக்கர் என்பவரும் 1847-ஆம் ஆண்டில் காட்டுக் காய்ச்சலால் மெலிந்து இங்கே வந்து, இந்தக் காற்றிலே தேறி எழுந்த அனுபவத்தினால்தான், பிற்பாடு குடும்பத்தோடு திரும்பி வந்து பண்ணை அமைத்துக் குடியேறினார். அவ்வாறு வந்த நோயாளிகள் மலையைத் தம் காலால் ஏறியவர்கள் அல்லர். குதிரையின் முதுகிலும், மாட்டு வண்டியிலும், பிறர் தோளில் சுமந்த தூக்கு நாற்காலியிலுமாகவே அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஆகவே, நடக்கமாட்டாத ஒருவரை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வாறு என்ற கேள்வி நுவரெலியாவுக்குப் புதியது அன்று. ஊரோடு கூடப் பிறந்த கேள்வி அது. இருநூறு ஆண்டை நெருங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கேள்விக்கு, ரயிலும் மோட்டாரும் மின்தூக்கியும் கைவசமுள்ள நாம், தூக்கு நாற்காலிக் காலத்தவர் சொன்ன விடையைக் காட்டிலும் குறைவான விடையையே வைத்திருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், கடல் வழியாக வரும் உல்லாசப் பிரயாணிகளைப் பற்றி நாட்டில் எழுந்துள்ள உற்சாகப் பேச்சு. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் சுற்றிச் செல்லும் பிரயாணத்தைத் தொடங்கியது. கொழும்புத் துறைமுகத்துக்கோ அதற்கு வெகு முன்பிருந்தே மேல்நாட்டுக் கப்பல்கள் வந்து போகின்றன. இவற்றில் ஏறுகிறவர்களில் வயோதிகர் கணிசமானவர்கள் என்பதில் வியப்பில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி விடுதியாக மாறவேண்டாம். படுத்த இடமே பிரயாணம் செய்கிறது. சாப்பாட்டு மண்டபத்துக்கு மின்தூக்கி உண்டு. நடைவழி நெடுகக் கைப்பிடி உண்டு. எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி, தன் அறையிலிருந்து புறப்பட்டு, மேல்தளத்திலே காற்று வாங்கி, இரவு உணவுண்டு, ஒரு படியைக்கூட ஏறாமல் திரும்பிவந்து படுத்துக்கொள்ளலாம். சிரமமெல்லாம் கப்பல் கரை சேர்ந்த பின்னரே ஆரம்பமாகிறது. காலி போன்ற இடத்தில் பெருங்கப்பல் துறையை அணையாது. விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்க, அசைந்தாடும் சிறு படகிலே இறங்கித்தான் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் இறங்கத் துணியாதவருக்கு, கப்பலின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கரையைத் தூரத்திலே தரிசிப்பதுதான் கதி. படகு வேண்டாத துறைகளிலே வேறொரு தொல்லை காத்திருக்கிறது: கப்பற்காரர் ஏற்பாடு செய்யும் உயர்ந்த படிகளையுடைய பேருந்து, நாற்பது ஐம்பது பேரை ஏற்றி இறக்கி, ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிஷம் என்று கணக்கிட்டு ஓடும், முழங்கால் வலிக்காரர் இறங்கிக் கைத்தடியை ஊன்றுவதற்குள் மற்றவர்கள் படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள்.

கப்பலில் வரும் முதியவருக்கு நுவரெலியாவை ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அவர் வரைபடத்தைப் பார்த்ததில்லை, அல்லது முதியவரைப் பார்த்ததில்லை. கொழும்பிலிருந்து இங்கு வர, எந்தப் பாதையைத் தெரிந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, 160 முதல் 180 கிலோமீற்றர் வரை ஆகும். தூரம் சிறிதுதான், பாதைதான் பெரிது. அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறினாலும், கண்டி வழியாக வந்து இறம்பொடைக் கணவாயின் வளைவுகளிலே சுழன்று ஏறினாலும், ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அம்பாந்தோட்டையிலிருந்து வெல்லவாய, பண்டாரவளை, வெலிமடை வழியாக வருவதும் அரை நாளை விழுங்கிவிடும். காலையில் துறையை அணைந்து மாலையில் பாய் விரிக்கும் கப்பலின் பிரயாணி, போக ஐந்து வர ஐந்து என்று பத்து மணி நேரத்தை வாகனத்தின் ஆசனத்திலே கழித்து, ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டுத் திரும்புவதைப் பார்வையிடல் என்று சொல்வது நியாயமாகாது. வழியிலே ஒரு மண்சரிவோ, ஒரு லொறியின் பழுதோ நேர்ந்துவிட்டால், கப்பல் காத்திராது.

ஆதலால், ஒரே நாள் கரையிறங்கும் குடும்பங்களுக்கு, மலையைச் சேர்ந்தவனாகிய நானே சொல்லும் யோசனை, மலைக்கு வராதீர்கள் என்பதுதான். காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் சமதரை. நல்லூர்க் கோயிலின் மணல் வீதியும், மாவிட்டபுரமும், கீரிமலைக் கடற்காற்றும் சிறிது தூரத்துக்குள் அமைந்திருக்கின்றன. அம்பாந்தோட்டையிலிருந்து கதிர்காமம் ஒரு மணி நேரத்துப் பிரயாணமே. மாணிக்க கங்கைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் அந்தச் சந்நிதி வளாகம் சமதரையாகையால், கதிரமலை உச்சியை மட்டும் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு மற்றதையெல்லாம் சக்கர நாற்காலியிலேயே தரிசிக்கலாம். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள் வாகனம் நெடுந்தூரம் செல்லுமாயினும், இறுதி ஏற்றம் உண்டு. கொழும்பிலோ, காலி முகத்திடலில் ஒரு மாலைப் பொழுதும் 1877-இல் திறக்கப்பட்ட நூதனசாலையில் ஒரு முற்பகலும் போதும். எட்டு இடம் பார்த்தோம் என்று ஊருக்குச் சொல்வதற்காக ஒரு தாயின் முழங்காலைப் பலியிடுவது என்ன புண்ணியம்?

ஆனால் மலைக்கு வந்தே தீரவேண்டிய முதியவர்களும் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று இரு பிரதமர்கள் முடிவு செய்ததன் விளைவாக, இந்த மலையின் தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்கள் ஆயிரமாயிரமாய் ஹட்டன் புகையிரத நிலையத்திலே உறவினரிடம் விடைபெற்று, தலைமன்னாருக்குச் சென்று, கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்த ரயிலுக்கு நம்மவர் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. அதில் இருபது வயதில் ஏறியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் வால்பாறையிலும், அங்கும் தேயிலையோடே காலந்தள்ளி, பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். அவர்கள் கப்பல் விளம்பரத்தில் இலங்கை என்ற பெயரைக் கண்டால் அம்பாந்தோட்டையை நினைப்பதில்லை, தாம் குடியிருந்த வரிசை வீடாகிய லயத்தை நினைக்கிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் அப்படிப்பட்ட பெரியம்மா ஒருவர் உண்டு. அவர் மகன், தாயைக் கப்பலில் அழைத்துவர முதலில் உத்தேசித்து, துறையிலிருந்து தோட்டம் எவ்வளவு தூரம் என்று என்னிடம் விசாரித்தான்; நான் மேலே எழுதிய கணக்கைச் சொன்னதும், அந்த எண்ணத்தைக் கைவிட்டு, ஆகாய விமானத்தில் கொழும்புக்கு வந்து, மூன்று இரவு தங்கும்படி ஏற்பாடு செய்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர் பெரியம்மா. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார். வெளியிலே சக்கர நாற்காலி வேண்டும், ஆனால் பழகிய மனிதர்கள் பார்க்கும் இடத்தில் அதில் உட்கார மாட்டார். பிறந்த தோட்டத்துக்கு வெறுங்கையோடு போவதில் வராத வெட்கம், சக்கரத்தின்மேல் போவதில் அவருக்கு வந்தது. தோட்டத்து வீதியில் வேன் நின்றபோது அவர் கேட்டது அருவியையோ கிரகரி வாவியையோ பற்றியன்று. "புள்ள மடுவம் இன்னும் அங்கதான் இருக்கா, தம்பி?" என்றார். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்தக் கட்டிடம் அங்கேதான் இருந்தது. வேன் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரந்தான். ஆனால் நடுவிலே, மழையில் அரிக்கப்பட்ட கற்படிகள் இருபதுக்கு மேல் மலைச்சரிவில் இறங்கின. லயத்துப் பையன்கள் இருவர் ஓடிவந்து, வீட்டு நாற்காலி ஒன்றில் அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தேசாதிபதி பார்ன்ஸின் காலத்து வித்தை, கூலியில்லாமல், அன்பினால் மீண்டும் நடந்தது. நெகிழ்ச்சியான காட்சிதான், ஆயினும் தூக்குகிறவனின் கால் ஒருமுறை வழுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிய எனக்கு, அந்த நெகிழ்ச்சியை அனுபவிக்க முடியவில்லை.

மறுநாள் அவரை ஊர் பார்க்க அழைத்துச் சென்றபோது கண்ட உண்மை ஒன்றைச் சொல்லவேண்டும்: நுவரெலியாவின் பெருமைகளில் பாதிக்கு மேற்பட்டவை, இறங்காமலே பார்க்கத்தக்கவை. தலவாக்கலைக்கு அருகே 80 மீற்றர் உயரத்திலிருந்து விழும் சென்கிளேயர் அருவியும், அதற்குச் சிறிது தூரத்திலே 97 மீற்றர் விழும் டெவோன் அருவியும் ஹட்டன் வீதியின் ஓரத்திலிருந்தே முழு வடிவோடு தெரிகின்றன. மேல் கொத்மலைத் திட்டத்துக்குப் பின் சென்கிளேயரின் நீர் குன்றியிருக்கிறது என்று இளையவர்கள் குறைப்பட்டுக்கொள்ளலாம். பார்வை மங்கிய கண்ணுக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. நகருக்குள்ளே, 1873-இல் தேசாதிபதி கிரகரி உண்டாக்கிய வாவியின் கரை சமதரை. விக்டோரியா பூங்காவும் சமதரை. குளிர்காலத்தில் காசுமீரத்திலிருந்து வரும் சிறு குருவிகளைக் காண வெள்ளைக்காரர்கள் தொலைநோக்கியோடு மணிக்கணக்கில் நிற்கும் அந்தப் பூங்காவிலே, ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்தப் பாட்டிக்கும் முடியும். 1894-இல் கட்டிய செங்கல் தபாற் கந்தோரை வீதியின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பதே அழகு. இவற்றுக்கெல்லாம் வேண்டியது அவகாசம் ஒன்றே.

ஏனையவற்றைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. சீதாஎலியவிலே அம்மன் கோயிலைப் பார்ப்பது எளிது. அனுமனின் அடிச்சுவடு என்று அடியார்கள் வணங்கும் பாறைக் குழிகள் இருக்கும் ஓடைக்கரைக்குப் படியிறங்க வேண்டும், அந்தப் படியோ எப்போதும் ஈரம். 1861-இல் சிங்கோனா மரம் வளர்க்கும் பொருட்டுத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டம் மலைச்சரிவிலே தளந்தளமாய் அமைந்தது; நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு நல்ல தோள் வேண்டும், இறக்கத்திலே நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி இறக்கும் விவேகமும் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை, நம்மவர் சொல்லும் ஸ்டோர், பார்க்கவேண்டிய இடந்தான். ஆனால் கொழுந்து வாட்டும் தளங்கள் மேலே மாடியில் இருப்பதால் முதியவர் கீழ்த்தளத்தில், கொழுந்தை அரைத்து உருட்டும் யந்திரங்களின் அருகே, அந்தப் பச்சை வாசனையில் அமர்ந்திருப்பதோடு திருப்தியடைய வேண்டியதுதான். பெரியம்மா அங்கே நெடுநேரம் இருந்தார். கொழுந்தைக் கூடையிலே சுமந்து, அதை நிறுக்கும் மடுவத்தில் கொடுப்பதோடு தன் உறவு முடிந்துபோன அந்த இலை, பிறகு என்ன ஆகிறது என்பதை அவர் அருகிருந்து கண்டது அதுவே முதல் தடவை என்றார்.

ஹோட்டன் சமவெளியை மட்டும் விலக்கிவிட வேண்டும். உலக முடிவு என்னும் பெரும்பள்ளத்துக்குச் சென்று திரும்பும் பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட காட்டு நடை. விடியற்காலையில் முதியவரையும் ஏற்றிக்கொண்டு அங்கே சென்று, வாகனத் தரிப்பிடத்துக் குளிரிலே அவரைக் காவலுக்கு வைத்த மூட்டைபோல் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். பார்வையிடச் சென்றதில் அவருக்குக் கிடைத்த பங்கு ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனி. அவரை விடுதியின் வெயில் முற்றத்திலே உட்காரவைத்துவிட்டுச் சென்றிருந்தால் பாவமில்லை.

இனி, எவரும் வெளிப்படையாய்ப் பேசாத விஷயத்துக்கு வருவோம். முதியவர்களின் பிரயாணத்தை நிர்ணயிப்பது அருவியும் அன்று, கோயிலும் அன்று, மலசலகூடம். குளிர் ஏற ஏற நீர் கழிக்கும் தேவை அதிகரிக்கும்; இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளிற் சில அதை மேலும் துரிதப்படுத்தும்; குந்தி அமரவேண்டிய இடத்திலே அமர்ந்தால் எழ முடியாது. இதற்கு அஞ்சி, காலையிலிருந்து தண்ணீரே குடியாமல் நாவறண்டு வரும் மூதாட்டிகள் எத்தனை பேர் என்பதை மகள்மார் அறிவார்கள், மகன்மார் அறியமாட்டார்கள். கொழும்பிலிருந்து நுவரெலியா வரையிலான வீதியில், உட்கார்ந்தெழக்கூடிய உயர்ந்த பீடமும், பற்றிக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும், வாசலிலே படியில்லாத நுழைவும், சுத்தமும் உள்ள பொது மலசலகூடங்கள், கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக இருந்துவிட்டால், வேறெந்த விளம்பரமும் இல்லாமலே இந்த மலைக்கு வரும் வயோதிகர் தொகை பெருகும். ஒரு புதிய காட்சிக் கோபுரம் கட்டும் செலவில் இவற்றிற் பல கட்டலாம். ஆனால் மலசலகூடத்தைத் திறந்துவைக்க அமைச்சர்கள் வருவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அங்கக் குறைவுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டிடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்ல வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006-ஆம் ஆண்டு அக்டோபரிலே வர்த்தமானியில் வெளியாயின. பழைய கட்டிடங்களைத் திருத்த மூன்று ஆண்டு தவணையும் கொடுக்கப்பட்டது. தவணை கழிந்தும் காரியம் நடவாதபோது, ஓடும் காரின்மேல் மரம் விழுந்த விபத்தினால் 1992 முதல் சக்கர நாற்காலியிலே வாழ்ந்த காலஞ்சென்ற அஜித் பெரேரா என்னும் இரசாயன அறிஞர் உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிதாய் எழும் பொதுக் கட்டிடங்கள் அந்த விதிகளுக்கு அமையவேண்டும் என்று 2011-இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. அங்கக் குறைவுள்ளோரின் உரிமைகள் பற்றி, 2016-இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30-ஆவது உறுப்புரை, ஓய்வும் உல்லாசப் பிரயாணமும்கூட அவர்களது உரிமையே என்று சொல்கிறது. வயோதிகர் எல்லோரும் அங்கக் குறைவுள்ளோர் அல்லர்; ஆனால் சாய்தளம் ஏறி வருகிறவரிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அறுபது வயதை எட்டியவர்களாயிருந்தார்கள். அதற்குப் பின்னர் அந்த விகிதம் ஏறியதேயன்றி இறங்கவில்லை.

நானுஓயாப் புகையிரத நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1885-இல் ரயில் வந்து சேர்ந்த இந்த நிலையமே இன்றும் நுவரெலியாவின் வாயில். ஒரு காலத்தில் இங்கிருந்து சிறிய தண்டவாளத்தில் நகருக்கும் இராகலைக்கும் போய்க்கொண்டிருந்த குட்டி ரயிலையும் 1940களிலே இழந்துவிட்டோம். கொழும்புக் கோட்டையிலிருந்து ஆறு ஏழு மணி நேரம் மலையழகைப் பார்த்து வரும் இந்த ரயில், வாகனத்தின் வளைவுகள் ஒத்துக்கொள்ளாத முதியவருக்கு மிக உகந்தது. எழுந்து நிற்கலாம், கால் நீட்டலாம். ஆனால் பெட்டியின் வாயிலுக்கும் மேடைக்கும் நடுவே, செங்குத்தான குறுகிய படிகள். உலகத்தின் அழகிய ரயில் பாதைகளுள் ஒன்று என்று நாம் பெருமை பேசும் பாதையிலே, ஏறுவதற்கு நான்கு கைகள் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. எடுத்து வைக்கத்தக்க ஒரு சாய்பலகையை நிலையத்திலே வைத்து, அதை விரிக்க ஒரு சிப்பந்தியைப் பழக்குவது, இராச்சியத்தின் பொக்கிஷத்தைக் காலிசெய்யும் காரியமா?

இந்தச் சௌகரியங்களை அந்நிய நாட்டுப் பிரயாணிகளுக்காக மட்டும் கேட்பதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. இந்த மலையின் படிகளை வெட்டியவர்கள் இங்கேயே கிழடாகிப் படிகளுக்கு மேலே சிறைப்பட்டிருக்கிறார்கள். லயத்திலிருந்து வீதிக்கு வர முடியாமையால் மாதாந்தக் கிளினிக்கைத் தவறவிட்ட தாத்தாவை ஒவ்வொரு தோட்டத்திலும் காணலாம். வங்கியில் கைநாட்டு வைக்கப் போவதற்கு ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணம் போதாதென்று, லயத்திலிருந்து ஓட்டோ நிற்கும் இடம் வரை தூக்கிவர இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கிறது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்த முன்னோரின் நினைவாக, அவர்கள் வருகையின் இருநூறாவது ஆண்டான 2023-இல் நம்மவர்கள் அதே வழியில் மறுபடி நடந்தார்கள். அதனைப் போற்றுகிறேன். நடக்க முடியாமல் லயத்து வாசலிலே அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி நட்டிருந்தால், அதையும் அந்த இருநூறாண்டு விழாவின் அங்கமாகப் போற்றியிருப்பேன். உல்லாசப் பிரயாணிக்கென்று தோட்டத்து வீதியில் அமைக்கும் சாய்தளத்தை லயம் வரை நீட்டுவதற்கு அதிகச் சீமெந்து வேண்டியதில்லை.

மலைப்பிரதேசத்தில் இதெல்லாம் இயலாது என்பவர்களுக்கு, பழனியைப் பார்க்கச் சொல்வேன். முருகனை அடைய அறுநூறுக்கு மேற்பட்ட படிகள். 1966-இல் இழுவை ரயில் வந்தது, 2004-இல் கம்பிவடப் பெட்டியும் வந்தது. மலையின் தெய்விகம் அணுவளவும் குறையவில்லை. சென்னை மெரினாவில், மணலிலே சக்கரம் புதையாமல் கடலருகே செல்லும் மரப்பாதை ஒன்று 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. மாநகராட்சியார் அதைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள். புயல் வந்து பிய்த்தெறியும் இடத்தில் இது எதற்கு என்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை.

நமக்கும் புயல் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் சரிந்தன. இடிந்ததை இடிந்தபடியே மீண்டும் கட்டுவது வழக்கம். அதே உயரத்துப் படி, அதே வழுக்கும் கல். கட்டுகிற வேலை எப்படியும் நடந்தாக வேண்டிய இத்தருணத்தில் ஒவ்வொரு மேடைக்கும், ஒவ்வொரு வைத்தியசாலை வாசலுக்கும், ஒவ்வொரு தோட்டப் பாதைக்கும் 2006-ஆம் ஆண்டின் விதிகள் விதித்த சரிவையும் கைப்பிடியையும் சேர்த்துக் கட்டுமாறு நுவரெலியா மாநகர சபையையும், பிரதேச சபைகளையும், புகையிரதத் திணைக்களத்தையும், தோட்ட நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலைக்குத் தனி அமைச்சோ, தனி ஆணைக்குழுவோ தேவையில்லை. வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியியலாளர் ஒருவர், படி வரைந்த இடத்தில் சாய்தளம் ஏன் இல்லை என்று கேட்டால் போதும்.

முதியவரோடு இங்கே வர உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்திலே வராதீர்கள். வீதியைக் கடக்கவே பாதி நாள் போகும். மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் வாருங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். அறை கீழ்த்தளத்தில் வேண்டும் என்றும், குளியலறை வாசலில் படி உண்டா என்றும் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால், விடுதிக்காரர்கள் அந்தப் படியை இடிக்கத் தொடங்குவார்கள்.